சொன்ன விலைக்கு வாங்காத லியாண்டர்

கன்சாஸ் மாநிலத்தின் மேற்கே, கோதுமையும் காற்றும் தவிர வேறெதுவும் அதிகமாக விளையாத செயின்ட் வென்டலின் என்ற ஊரில், லியாண்டர் ட்ரைலிங் முப்பத்தெட்டு வருஷம் எடைமேடை பார்த்தார். அறுவடைக் காலத்தில் தானியக் கிடங்கின் வாசலில் லாரிகள் அரை மைல் நீளத்துக்கு நிற்கும். ஒவ்வொன்றாக மேடையில் ஏறும். லியாண்டர் நீளமான குழாயைக் கோதுமைக்குள் செருகி மாதிரி எடுப்பார். ஈரம் எத்தனை சதவீதம், உமி எவ்வளவு, உடைசல் எவ்வளவு, வண்டு உண்டா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, விலையில் எவ்வளவு கழிக்கலாம் என்று சீட்டில் எழுதுவார். இத்தனை வருஷத்தில் ஒரு விவசாயியை ஒரு பவுண்டுகூட அவர் ஏமாற்றியதில்லை. அதே சமயம், ஒரு லாரியைக்கூடக் குறை சொல்லாமல் உள்ளே விட்டதுமில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது தொப்பியைக் கழற்றுவதுபோல இந்தப் பழக்கத்தையும் கழற்றி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வைக்கவில்லை. கல்யாண மோதிரம் வாங்கப் போனபோது, கல்லுக்குள் பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிகிற ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, வருங்கால மனைவி மார்செலா பக்கத்தில் நிற்கும்போதே கடைக்காரரிடம் நாற்பது டாலர் குறைத்து வாங்கினார். மார்செலா அந்தக் கதையை ஒவ்வொரு கல்யாண நாளன்றும் மறக்காமல் சொல்வாள். அப்பா இறந்தபோது சவப்பெட்டியின் அடியில் ஒரு நசுங்கலைக் கண்டுபிடித்தார். பூமிக்குள் போகப்போகிற பக்கம்தானே என்றார் கடைக்காரர். இருந்தாலும் நசுங்கல் நசுங்கல்தான் என்று லியாண்டர் நின்றார். எழுபத்தைந்து டாலர் குறைந்தது. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, ஏனென்றால் அப்பாவும் அப்படித்தான்.

சொன்ன விலையைக் கொடுத்து அவர் எதையும் வாங்கியதில்லை. பெட்ரோலும் பாலும் விதிவிலக்கு. அதிலும் மனவருத்தம் உண்டு.

இப்படிப்பட்டவருக்குப் பழைய ரிவால்வர்கள் மேல் ஆசை வந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல அவர் வீட்டிலும் வான்கோழிக்கு ஒன்று, மானுக்கு ஒன்று என்று துப்பாக்கிகள் இருந்தன. அவை சாமான். ரிவால்வர் வேறு. அவருடைய அப்பா காலத்தில் செய்த, கண்ணாடிபோல மெருகேற்றிய, கருநீலம் பூசிய ரிவால்வர்களைப் பற்றி விலைப் புத்தகத்தின் ஆறு பதிப்புகளை அவர் மனப்பாடம் செய்திருந்தார். ஹேஸ் நகரத்துச் சந்தை மைதானத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை துப்பாக்கிச் சந்தை கூடும். லியாண்டர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. மேஜை மேஜையாகப் போவார். அனுமதி கேட்டு எடுப்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். வைப்பார். "அதிகம்" என்பார். நகர்வார். பதினோரு வருஷம் இப்படிப் போய்வந்தும் ஒரு ரிவால்வர்கூட அவர் வீட்டுக்கு வரவில்லை. அதனாலேயே ஊரில் அவருக்கு நிபுணர் என்று பெயர். வாங்கினவர்களெல்லாம் ஒரு தடவையாவது ஏமாந்திருந்தார்கள். அவர் மட்டும்தான் ஏமாறவே இல்லை.

அந்த வருஷம் அக்டோபரில் எட்கர் லைக்கர் காலமானார். எண்பத்து நாலு வயது. செயின்ட் வென்டலினில் முப்பத்தொரு வருஷம் போலீஸ் என்றால் அவர் ஒருவர்தான். அத்தனை வருஷமும் இடுப்பில் ஒரே ரிவால்வர். பணிக்காலத்தில் அதை அவர் இரண்டு தடவை சுட்டதாக ஊர் கணக்கு வைத்திருந்தது: ஒன்று, வெறி பிடித்த ஒரு மரநாயை, இன்னொன்று, கோயில் திருவிழாவில் ஓட்டப்பந்தயம் தொடங்கி வைப்பதற்கு வானத்தை. அவருடைய மனைவி ஜெனிவீவுக்கு எழுபத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். லியாண்டர் உட்பட ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

குளிர்காலம் தொடங்குகிற சமயத்தில் அந்த அம்மாள் வீட்டைச் சூடாக வைத்திருந்த வெந்நீர்க் கொதிகலன் உயிரை விட்டது. இரண்டு நாள் கழித்துத் தபாலாபீஸ் பலகையில் ஒரு அட்டை ஏறியது. எட்கரின் ரிவால்வர், பெட்டியோடு, தொள்ளாயிரம் டாலர், ஜெனிவீவ் லைக்கர். லியாண்டர் அதைப் பத்து மணிக்குப் படித்தார். பத்தேகாலுக்கு அந்த வீட்டு வாசலில், வேறு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்த மனிதரின் முகத்தோடு நின்றார்.

ஜெனிவீவ் அவரைச் சமையலறையில் உட்காரவைத்து, காப்பியும் ஒரு பீராக்கும் வைத்தார். முட்டைக்கோஸும் கொத்துக்கறியும் உள்ளே வைத்துச் சுட்ட அந்த ரொட்டியை அவரைப்போலச் செய்கிறவர் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. லியாண்டர் ஒரு வாய் கடித்தார். அதற்குள் நீல அட்டைப்பெட்டி மேஜைக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் அவருக்குக் கடித்ததை விழுங்க மறந்துபோனது.

ஐம்பத்து நாலாம் வருஷத்து ஸ்மித் அண்ட் வெசன். உடம்பில் ஐந்து ஸ்க்ரூ. அடுத்த வருஷத்திலிருந்து கம்பெனி ஒரு ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டது. துப்பாக்கி சுடுவதில் அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் சேகரிப்பவர்கள் உலகத்தில் அந்த ஒரு ஸ்க்ரூவுக்காக மனிதர்கள் வீட்டை அடகு வைப்பார்கள். பதினோரு வருஷமாக அவர் தேடியது இதைத்தான். ஹேஸ் சந்தையில் யார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு. இந்த அம்மாள் கேட்பது தொள்ளாயிரம். வேறு யாராக இருந்தாலும் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, பீராக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள்.

லியாண்டர் எண்ணூறு என்றார்.

"எதுக்கு எண்ணூறு?" என்று கேட்டார் ஜெனிவீவ். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லியாண்டர் எடைமேடைக் குரலில் சொன்னார். தோட்டா உருளையைச் சுற்றி ஒரு கோடு தேய்ந்திருக்கிறது. குழல் முனையில் உறையில் உரசி உரசிக் கருநீலம் போயிருக்கிறது. ஒரு ஸ்க்ரூவின் தலையை யாரோ பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர் போட்டுச் சிதைத்திருக்கிறார்கள்.

"அது நான்தான். வெண்ணெய்க் கத்தி" என்றார் ஜெனிவீவ். "சரி, கெட்டது சொல்லிட்ட. நல்லது என்ன?"

முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த விவசாயியும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. லியாண்டர் காப்பியைப் பார்த்தார். நேராகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. சொன்னார். மூன்று இடத்தில் பொறித்த எண்ணும் ஒன்றேதான். பெட்டிக்கு அடியில் மெழுகுப் பென்சிலால் எழுதியிருப்பதும் அதே எண். துடைக்கும் கம்பி, சின்ன ஸ்க்ரூ டிரைவர், கம்பெனிக் காகிதம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஐந்து ஸ்க்ரூ. கெட்டது சொல்ல அரை நிமிஷம் ஆகியிருந்தது. நல்லது சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஜெனிவீவ் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தார். "அப்போ ஆயிரத்து நூறு" என்றார்.

வீட்டில் மார்செலா இதைத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசித் துணியை வைத்துவிட்டு, தொள்ளாயிரத்துக்கே வாங்கியிருக்கலாமே என்றாள்.

"அது அவங்க சொன்ன விலை."

"அதனால?"

"சொன்ன விலைக்கு எவன் வாங்குவான்?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க, லியாண்டர். அதுக்குப் பேரே கடைக்குப் போறதுதான்."

லியாண்டர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். பழைய ரிவால்வர் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையப் பக்கம் உண்டு. ரகசியமாக எடுத்து வந்த மூன்று படங்களை ஏற்றி, வாங்கலாமா என்று கேட்டார். நாலு நாளில் நாற்பத்தாறு பதில் வந்தது. முதலாவது ஆள், உடனே வாங்கு என்றார். இரண்டாவது ஆள், ஒஹையோவில் இருந்துகொண்டு, மங்கலான ஒரு படத்தைப் பார்த்தே, இது பின்னால் மறுபடி கருநீலம் பூசிய உருப்படி, பாதி விலைகூடப் பெறாது என்று தீர்ப்பு எழுதினார். மூன்றாவது ஆள், இரண்டாவது ஆள் கடந்த ஆறு வருஷமாகச் சொன்ன ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை என்று ஆதாரங்களோடு நிரூபித்தார். மிச்சம் நாற்பத்து மூன்று பதிலும் துருப்பிடிக்காமல் இருக்க எந்த எண்ணெய் நல்லது என்ற சண்டை. கடைசியில் நிர்வாகிகள் அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள்.

இத்தனை பேச்சிலிருந்தும் லியாண்டர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். மறுபூச்சு. அப்படி இருந்துவிட்டால் விலை பாதியாகிவிடும். பதினோரு வருஷம் ஆசைப்பட்ட பொருள் ஒட்டுப்போட்ட பொருளாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் மனமுருகி வேண்டிக்கொண்டார்.

இரண்டாவது தடவை பூதக்கண்ணாடியோடு போனார். மறுபூச்சுக்கு முன்னால் உலோகத்தைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஒரு மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஓரமெல்லாம் கத்திபோல இருந்தது. எதைத் தேடுகிறாய் என்று ஜெனிவீவ் கேட்டார். சொன்னார். இருக்கிறதா என்றார் அந்த அம்மாள். இல்லை என்றார். இல்லையென்றால் நல்லதா என்றார். லியாண்டர் பெருமூச்சு விட்டுவிட்டு, நல்லது என்றார். விலை ஆயிரத்து நானூறு ஆனது.

மூன்றாவது தடவை சரியான ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய், கைப்பிடி மரத்தைக் கழற்றி, உள்பக்கம் பார்த்தார். கைப்பிடியை மாற்றியிருந்தால் நூறு டாலராவது கழிக்கலாம். உள்ளே அதே எண், அதே கம்பெனிக் கையெழுத்தில். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. அன்றைக்கு ஜெனிவீவ் அவருக்கு இரண்டு பீராக் கட்டிக் கொடுத்தார். மார்செலாவுக்கு ஒன்று என்றார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் லியாண்டர் நேராகக் காப்பிக் கடைக்குப் போய், மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் முன்னால் வைத்துக்கொண்டு, எரிவாயு லாரி ஓட்டுகிற தன் சிநேகிதர் அம்ப்ரோஸ் ஷ்மிட்பெர்கரிடம் புலம்புவார். புலம்பலுக்கு நடுவே அந்த ரிவால்வரின் அருமை பெருமையெல்லாம் வந்துவிடும். பக்கத்து மேஜைக்காரர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஜனவரி முடிவதற்குள் செயின்ட் வென்டலினில் துப்பாக்கியே தொடாதவர்களுக்குக்கூட ஐந்து ஸ்க்ரூவின் மகிமை தெரிந்திருந்தது.

"நீ அந்த வீட்டுப் பக்கம் போகாம இருந்தாலே விலை நிக்கும்யா" என்றார் அம்ப்ரோஸ். "இன்னும் ரெண்டு தடவை போனீன்னா அந்தம்மா கொதிகலன் இல்ல, கூரையே மாத்திடும்."

ஆனால் லியாண்டரிடம் கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. நூறு டாலர் கட்டினால், துப்பாக்கிக் கம்பெனியில் பழைய பதிவேடுகளைப் பார்த்து இந்த எண்ணுள்ள ரிவால்வர் எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். எட்கர் அதை வேறு யாரிடமிருந்தாவது பழையதாக வாங்கியிருந்தால், முதல் சொந்தக்காரர் என்ற பெருமை போய்விடும்; அதற்குக் கழிக்கலாம். விண்ணப்பத்தை ஜெனிவீவ் பெயரிலேயே நிரப்பி, நூறு டாலரைத் தன் கையிலிருந்தே கட்டினார். ஒரு துப்பாக்கியை மட்டம் தட்டுவதற்கு நூறு டாலர் செலவு செய்த மனிதர் அந்த மாநிலத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது கடிதம் வந்தது. ஜெனிவீவ் தொலைபேசியில் கூப்பிட்டார். லியாண்டர் போனபோது உறை பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது. நீயே கிழி, உன் காசு என்றார். அவர் கிழித்து, வாய்விட்டுப் படித்தார். ஐம்பத்து நாலு நவம்பர், ஒரே ஒரு உருப்படி, இந்த மாவட்டத்து இரும்புச் சாமான் கடை ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. ஆர்டர் கொடுத்தவர் பெயர் ஈ. லைக்கர், ஊர்க்காவல் அதிகாரி, செயின்ட் வென்டலின்.

ஜெனிவீவ் அந்தக் காகிதத்தை வாங்கித் தன் கணவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். குளிர் அடித்தது. இரண்டு பேரும் கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவருக்கு இருபத்து நாலு வயசு" என்றார். "ஊர்ல துப்பாக்கிக்குக் காசு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அறுபத்தஞ்சு டாலர். தன் கைக்காசு. எனக்குக் காட்டுறதுக்குன்னே எங்கப்பா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இவ்வளவு குடுத்தா வாங்கணும்னு கேட்டேன்."

ஜெனிவீவ் காகிதத்தை லியாண்டர் பக்கம் தள்ளினார்.

"இந்தக் கடிதாசி நல்லதா, கெட்டதா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். ஒரு போலீஸ்காரர் பெயருக்கே நேராக வந்த உருப்படி, அதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சி, சொந்தக்காரர் ஒரே ஆள். அவருடைய புத்தகங்களின் ஆறு பதிப்புகளிலும் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

"நல்லது, மிசஸ் லைக்கர். ரொம்ப நல்லது."

"எவ்வளவு?"

"அறுநூறு."

ஜெனிவீவ் பென்சிலை எடுத்து அட்டையில் இரண்டாயிரத்து நூற்று ஐம்பது என்று எழுதினார். எழுதிவிட்டு அவருக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "கழிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையா, லியாண்டர்?" என்றார்.

லியாண்டர் ரிவால்வரைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். குழல் முனையில் தேய்ந்திருந்த இடம் வெள்ளியாக மின்னியது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதற்கு எழுபது டாலர் கழிவு என்று மனசுக்குள் குறித்திருந்தார். இப்போது பார்த்தால், முப்பத்தொரு வருஷம் காரில் ஏறி இறங்கிய மனிதரின் இடுப்புதான் தெரிந்தது. அதற்கு எவ்வளவு கழிப்பது என்று அவருக்குப் புலப்படவில்லை. இதை ஹேஸிலிருந்து யாராவது பல் டாக்டர் வந்து வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடி அலமாரியில் மாட்டுவதை நினைத்துப் பார்த்தார். பெட்டியின் மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒன்றும் இல்லை என்றார். காசோலைப் புத்தகத்தை எடுத்தார். எழுதும்போது தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்: அந்த அம்மாள் கேட்ட விலை தொள்ளாயிரம். அதை அவர் கொடுக்கவில்லை. இந்த இரண்டாயிரத்துச் சொச்சம் ஒவ்வொரு நூறும் அவர் வாயிலிருந்தே வந்தது. ஆகவே, சொன்ன விலைக்கு வாங்காத மனிதர் இன்னமும் சொன்ன விலைக்கு வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இந்த நியாயம் காப்பிக் கடை வாசல் வரைக்கும்தான் தாங்கியது. உள்ளே அம்ப்ரோஸும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். அவர் கையில் நீலப்பெட்டியைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள். கடைசியில் எவ்வளவு என்று அம்ப்ரோஸ் கேட்டார்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரு பவுண்டுகூட மாற்றிச் சொல்லாத லியாண்டர், தொள்ளாயிரம் என்றார்.

அந்த மேஜையில் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை சாதாரணமானதல்ல. ஒருவர் தோளில் தட்டினார். இன்னொருவர் காப்பிக்குக் காசு கொடுத்தார். அன்றைக்கு ஒரு நாள் அவர் ராஜா.

மறுநாள் ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. அந்த ரிவால்வர் என்ன பெறும் என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். வாரா வாரம் பாடம் நடத்தியவரே லியாண்டர்தான். ஜெனிவீவ் கடிதத்தைக் காட்டியிருந்த தபால்காரர் வழியாக அதன் விஷயமும் பரவியிருந்தது. இரண்டாயிரத்துக்குக் குறையாத பொருள். கொதிகலன் இல்லாமல் நடுங்குகிற விதவை. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவள். அவளிடம் தொள்ளாயிரத்தை நீட்டி வாங்கிக்கொண்டு வந்து, காப்பிக் கடையில் பெருமையடிக்கிறான் இவன்.

உண்மையைச் சொல்ல வேண்டிய ஜெனிவீவ், காசோலையை மாற்றி, கொதிகலனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அது வரும் வரை விச்சிட்டாவில் மகள் வீட்டில் இருக்கலாம் என்று போயிருந்தார்.

இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு. லியாண்டர் தட்டோடு வரிசையில் போனார். ஊர்ப் பெண்கள் பரிமாறினார்கள். அவருக்கு முன்னால் நின்றவருக்கு இரண்டு பெரிய துண்டு விழுந்தது. அவர் தட்டில் ஒரு வால் விழுந்தது. முட்டைக்கோஸ் கலவை தீர்ந்துபோய்விட்டது என்றார்கள். பின்னால் வந்தவருக்கு அது தீரவில்லை. வரிசையின் கடைசியில், காசு வாங்குகிற மேஜையில், ஊறுகாய் ஜாடி ஒன்று கழுவி வைத்திருந்தது. அதன்மேல் ஜெனிவீவ் உதவி நிதி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். லியாண்டர் பறித்துக்கொண்டதை ஊர் ஈடு செய்கிறது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, லியாண்டர் பர்ஸைத் திறந்து இருபது டாலர் போட்டார். ரிவால்வரின் அடக்கவிலை அத்தோடு, கடிதச் செலவையும் சேர்த்தால், இரண்டாயிரத்து இருநூற்று எழுபது ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார், விதவைகளின் வீட்டை விழுங்குகிறவர்களைப் பற்றிப் பேசினார். யாரையும் பார்த்துப் பேசவில்லை. அவருக்குப் பதில் மற்ற எல்லாரும் பார்த்தார்கள்.

மார்செலாவின் சீட்டாட்டத் தோழிகள் அந்த வாரம் அவளைக் கூப்பிடவில்லை. காசோலைக் கணக்கைப் பார்ப்பவளே அவள்தான். அவளுக்கு உண்மை தெரியும். கணவனாகவே சொல்லட்டும் என்று ஒரு வாரம் பொறுத்திருந்தாள். பிறகு சாப்பாட்டு மேஜையில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கஞ்சன் பொண்டாட்டியா நாப்பது வருஷம் இருந்துட்டேன், அது பழகிப்போச்சு" என்றாள். "திருடன் பொண்டாட்டியா ஒரு வாரம்கூட இருக்க முடியல. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

லியாண்டர் யோசித்தார். மெய்யாகவே உட்கார்ந்து யோசித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கம், ஊருக்கெல்லாம் அவர் ஒரு அயோக்கியர். இன்னொரு பக்கம், ஊருக்கெல்லாம் அவர் முழு விலை கொடுத்தவர். எது தாங்கக்கூடியது என்று அவரால் உடனே முடிவுக்கு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டார்.

வெள்ளிக்கிழமை கூடத்துக்குள் அவர் நுழைந்தபோது, ஜெனிவீவ் ஏற்கெனவே அங்கே இருந்தார். அன்று மதியம்தான் திரும்பியிருந்தார். அவரைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். ஒருத்தி அணைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி ஊறுகாய் ஜாடியை அவர் மடியில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு டாலர். ஜெனிவீவ் ஜாடியையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இது எதுக்கு என்று அவர் கேட்க வாயெடுத்தபோது, கூடத்தின் நடுவில் மீன் வால் விழுந்த தட்டோடு லியாண்டர் நின்றார்.

"ரெண்டாயிரத்து நூத்தி அம்பது" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "நான் குடுத்தது அதுதான். அவங்க எழுதின விலை. ஒரு டாலர்கூடக் குறைக்கல."

உள்ளே எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் நம்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் சேர்த்த பெயர் அப்படி.

"பொய் சொல்லாத, லியாண்டர்" என்றார் அம்ப்ரோஸ். வருத்தத்தோடு சொன்னார். "பண்ணினது பண்ணிட்ட. கோயில் கூடத்துல நின்னு பொய் வேற சொல்லாத."

எல்லாரும் ஜெனிவீவைப் பார்த்தார்கள்.

"அவன் சொல்றது நெசம்தான்" என்றார் ஜெனிவீவ். "ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அது என் விலை இல்ல. நான் தொள்ளாயிரம்தான் கேட்டேன். மிச்சம் ஆயிரத்து இருநூத்தி அம்பதையும் ஏத்திவிட்டது அவன்தான். நான் பென்சிலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

முதலில் சிரித்தது பாதிரியார் என்று பிறகு சொன்னார்கள். யார் தொடங்கினார்களோ, கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அம்ப்ரோஸ் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். பரிமாறுகிற பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். லியாண்டர் காது சிவக்க நின்றார். திருடன் என்ற பெயரே தேவலையாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு உறுதியாகத் தோன்றியது. ஒருத்தி வந்து அவர் தட்டிலிருந்த வாலை எடுத்துவிட்டு மூன்று பெரிய துண்டு வைத்தாள். முட்டைக்கோஸ் கலவையும் எங்கிருந்தோ வந்தது.

ஜாடிக் காசைக் கோயில் சமையலறைக்குக் கொடுத்துவிடலாம், எண்ணெய்ச் சட்டி ஓட்டையாக இருக்கிறது என்று ஜெனிவீவ் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். லியாண்டர் மட்டும், அந்த ஜாடியில் தன் இருபது டாலர் ஒன்று இருப்பதாக மெதுவாகத் தொடங்கினார். மார்செலா திரும்பிப் பார்த்தாள். அவர் மீனைச் சாப்பிட்டார்.

மே மாதம், கோதுமை முழங்கால் உயரம் வந்தபோது, ஜெனிவீவ் ஒரு காரியம் கேட்டார். அறுபது வருஷம் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தும் தன்னை ஒரு தடவைகூடச் சுட எட்கர் விட்டதில்லை என்றார். சேகரிப்பவர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். லியாண்டர் ஒரு நாள் யோசித்துவிட்டு, அம்ப்ரோஸின் மேய்ச்சல் நிலத்துக்கு அவரைக் கூட்டிப்போனார். வேலிக்கம்பத்தில் ஒரு காப்பி டப்பா. ஆறு தோட்டா. முதல் மூன்றும் காற்றோடு போயின. அடுத்த மூன்றும் டப்பாவில். ஜெனிவீவ் ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவ்வளவுதானா, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றார்.

ஊரில் அதற்குப் பிறகு விலை கேட்டு லியாண்டரிடம் ஆண்கள் யாரும் வருவதில்லை. நிபுணர் என்ற பெயர் போன இடத்திலிருந்து வேறொரு பெயர் முளைத்தது. அந்தக் கோடையில் லோரெட்டா ஃபானன்ஸ்டீல் என்ற அம்மாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கணவர் போய் ஒரு வருஷம் ஆகிறது, பட்டறையில் இரும்பு அடிக்கிற ஒரு பழைய பட்டடைக்கல் கிடக்கிறது, யாரோ நூற்றைம்பதுக்குக் கேட்கிறார்கள் என்றாள். லியாண்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். தரையில் மண்டியிட்டு அடிப்பக்கம் பார்த்தார். கெட்டது எல்லாம் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலேயே, நல்லதும் சொன்னார். அவள் பென்சிலோடு தயாராக இருந்தாள். ஜெனிவீவ் சொல்லி அனுப்பியிருந்தார். பட்டடைக்கல் அறுநூற்று எழுபத்தைந்துக்குப் போனது. அதற்குப் பிறகு மூன்று மாவட்டத்து விதவைகளும் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் கூலி வாங்குவதில்லை. பீராக் வாங்குவார். மார்செலா அவருடைய பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

அந்தப் பட்டடைக்கல்லை முதலில் நூற்றைம்பதுக்குக் கேட்டதும், கடைசியில் அறுநூற்று எழுபத்தைந்து கொடுத்து வாங்கியதும் அம்ப்ரோஸ்தான். ஒன்பது நாள் அவர் லியாண்டரோடு பேசவில்லை. பத்தாம் நாள் காப்பிக் கடைக்கு வந்து எதிரே உட்கார்ந்து, அதன் மூக்கில் ஒரு வெடிப்பு இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"லோரெட்டாகிட்ட சொன்னேனே" என்றார் லியாண்டர். "நீ என்கிட்ட கேக்கல."